பார்க்கவில்லை என்று எழுதிய அக்கா

அக்கா யாரிடம் பேசினாலும் வழக்கத்தைவிட ஓர் அடி அதிகமாக நெருங்கி நிற்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் பின்னால் நகர்வார்கள். அவரும் கூடவே நகர்வார். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு விற்பனையாளர் இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கி, கதவைத் தாண்டிப் படிக்கட்டில் போய் நின்று பேச்சை முடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சிறிய அலுவலகம். பழைய கட்டடங்கள், பாலங்கள், நடைமேடைகள் எல்லாம் இன்னும் தாங்குமா என்று சோதித்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. முதலாளியைத் தவுக்கே என்போம்; சீனர், பொறியாளர். நேரில் போய்ச் சோதிப்பவர் அக்கா. அவர் கொண்டுவரும் குறிப்புகளையும் படங்களையும் வைத்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுபவள் நான். என்னைவிட அவருக்கு ஏழெட்டு வயது கூட இருக்கும். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தவுக்கேகூட 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அதுதான் அவருடைய பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஒரு சிறிய சுத்தியல், ஒரு டார்ச்லைட், ஒரு டப்பா நிறைய சாக்கட்டி. எதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "கிட்டப் போய்ப் பாத்தியா?"

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். ஏதோ ஒரு விபத்து, இழப்பு, அப்படி ஒரு கதை இருக்கும் என்று நினைத்தேன்.

"கதையெல்லாம் ஒண்ணும் இல்லலா. சின்னதுல எனக்குக் கண்ணு தெரியாது" என்றார்.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க, இருந்த இடத்தைவிட்டு எழுந்து முன்னால் போவாராம். அடி விழும். திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்த வரிக்கு மறுபடி எழுந்து போவாராம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, குடும்பம் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வந்த பிறகுதான், பதினாலு வயதில், யாரோ கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

"கண்ணாடி போட்டப்புறம்தான் மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்குன்னே தெரிஞ்சது. அதுவரைக்கும் மொத்தமா ஒரு பச்சைன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் தூரத்துல இருந்து பாக்கிற எதையும் நம்புறதில்ல."

ஒருமுறை எங்கள் பகுதிக் கோயில் திருவிழாவில் பிள்ளைகளின் நடனத்துக்கு இரும்புக் குழாய்களால் மேடை போட்டிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்கவில்லை. என்ன தாமதம் என்று பார்த்தால், அக்கா பட்டுப் புடவையோடு மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறார். கோயில் தலைவர் குனிந்து, "அக்கா, பெரியவங்க வந்துட்டாங்க, வெளிய வாங்க" என்று கெஞ்சுகிறார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஒரு ஸ்பேனர் குடுங்க, வாரேன்." இரண்டு பிடிகளை முறுக்கிவிட்டு, புடவை முழுக்கத் துருவோடு வெளியே வந்தார். இருபது பிள்ளைகள் ஆடினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை, அந்தப் புடவையில் கறையும் போகவில்லை.

என் அம்மா விஷயமும் அப்படித்தான். நாங்கள் லகாட்டில் இருந்தோம். அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. அவருக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பு எடுத்த அன்று அக்கா போனில் விசாரித்தார். "இப்ப பரவாயில்லக்கா, நல்லா இருக்காங்க" என்றேன். ஒரு மணி நேரத்தில் வாசலில் மோட்டார் சத்தம். நேராக அம்மாவின் கட்டிலுக்குப் போனார். போர்வையைக் கால் பக்கமாக விலக்கினார். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பாதத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"அம்மா காலப் பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் புண். கறுத்திருந்தது. அம்மாவுக்கு அங்கே உணர்ச்சியே இல்லை, அவருக்கும் தெரியாது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு விரலோடு போயிற்று. அம்மா இன்று தன் காலால் நடப்பது அக்காவால்தான். ஆனால் அன்று அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது எனக்கு நன்றியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவரோடு பழகுவதில் அப்படி ஒரு சங்கடம் உண்டு.

அவருடைய குறிப்பேடு தமிழில் இருக்கும். அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நேராக, கண்டதை எழுதியிருப்பார். விரிசலின் நீளம், தட்டியபோது வந்த சத்தம், கறையின் நிறம். எட்ட முடியாத இடம், மூடியிருந்த இடம் என்றால் அதே உருண்டைக் கையெழுத்தில் 'பார்க்கவில்லை' என்று இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது. தவுக்கேக்கும் பிடிக்காது. ஆனால் அக்கா விடமாட்டார். மலாய் சரளமாகப் பேசுவார். ஆங்கிலம் மட்டும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் நான் எழுதி முடித்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எல்லாம் சரியா போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். உலகத்தில் அவர் கிட்டப் போய்ப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய ஊரின் பசார். இரண்டு தளம். கீழே காய்கறி, மேலே மீனும் சாப்பாட்டுக் கடைகளும். ரோட்டிலிருந்து மேல்தளத்துக்கு வளைந்து ஏறும் கான்கிரீட் சாய்தளம் ஒன்று இருந்தது. எங்கள் இருவரின் வயதைவிட அதற்கு வயது கூட. மீன்பெட்டி வண்டிகள், மோட்டார்கள், பால்காரர், கூடை தூக்கும் பெண்கள் எல்லாம் அதில்தான் ஏறுவார்கள். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக அதில் சொட்டிக்கொண்டே இருந்தது. மேலே வடை விற்கும் ஓர் அம்மா இருந்தார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தில் கால் போனவர். காலையில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அந்தச் சாய்தளத்தில் ஏறிப்போவார். சாய்தளம் உயரும் இடத்துக்கு அடியில், அதன் நிழலில், ஒரு பாய் தேநீர்க் கடை வைத்திருந்தார். நாலு மேசை. தலைக்கு மேல், சாய்தளத்தின் அடிப்பாகத்தை மறைத்து, வெளிர்பச்சை அடித்த பலகைக் கூரை.

பசாரை நடத்தும் உள்ளூர் மன்றத்துக்காக இரண்டாவது முறையாக அதைச் சோதிக்கப் போனோம். முதல் முறை இரண்டு வருடங்களுக்கு முன்பு. இந்த முறை நானும் படம் எடுக்க மட்டும் கூடப் போயிருந்தேன். மேல்பக்கம் புதிதாகப் பூசி, மஞ்சள் கோடு போட்டு, பார்க்க நன்றாகவே இருந்தது. அக்கா அதில் அதிக நேரம் நிற்கவில்லை. பாய் கடைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் பலகையக் கழட்டலியா பாய்?"

"யாரும் வந்து கேக்கலியேம்மா. பெருநாள் முடிஞ்சதும் வந்து பாக்கிறேன்னு சொன்னீங்க. நானும் ரெண்டு பெருநாள் பாத்துட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான்தான் எழுதிக் குடுத்தேன்ல. மூடியிருக்கு, பாக்கல, தெறந்து பாக்கணும்னு. மன்றத்துல வேற ஆள வச்சிப் பாத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன். அந்தப் பழைய ரிப்போர்ட்ட எடு."

என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அட்டவணையில் சாய்தளத்தின் பன்னிரண்டு பகுதிகளுக்குப் பன்னிரண்டு பெட்டிகள். அக்கா விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்து, பாய் கடைக்கு மேலே வரும் ஏழில் நிறுத்தினார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"குட்னு போட்டிருக்குக்கா."

"நான் என்ன எழுதியிருந்தேன்?"

'பார்க்கவில்லை' என்றுதான் எழுதியிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, அது அறிக்கை போக வேண்டிய கடைசி நாள். கணினியில் ஆறு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துவிட்டு, ஆறாவது பெட்டியின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். மீதி ஆறும் அதே 'குட்'டால் ஒரே நொடியில் நிரம்பின. குறிப்பேடு பக்கத்திலேயே திறந்திருந்தது. திரும்பி ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பக்கம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இது என் கையெழுத்துதான்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அறிக்கையை என் கையில் கொடுத்துவிட்டு, "பாய், எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லுங்க. மேசையெல்லாம் வெளிய போடுங்க. இப்பவே" என்றார்.

முதல் பலகையை நெம்பியதும், அதன் மேல் தங்கியிருந்த கான்கிரீட் துண்டு ஒன்று கூடவே வந்து தரையில் விழுந்தது. அரிசிச் சட்டி மூடி அளவு இருக்கும். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெள்ளையா பொடி தே கப்புல விழுந்துச்சும்மா. அதுக்குத்தான் பலகை அடிச்சேன்" என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார்.

அக்கா ஏணியில் ஏறினார். டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, தட்டித் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் ஒரே வட்டமாகிவிட்டன. இறங்கி வந்து சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"ஏறு."

அப்போதே ஒன்பது வருடமாக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அதுவரை ஏணியில் ஏறியதில்லை. ஏறினேன். தட்டினேன். காலிப் பெட்டியைத் தட்டியதுபோல ஒரு சத்தம். "கைய உள்ள விடு" என்றார் கீழேயிருந்து. காரை பெயர்ந்த இடத்தில் கம்பிகள் தொங்கின. கட்டைவிரல் தடிமன் இருந்திருக்க வேண்டிய கம்பி பென்சில்போல இளைத்திருந்தது. தொட்டதும் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. சில இடத்தில் கம்பி இருந்த தடம் மட்டும் இருந்தது. அப்போது மேலே ஒரு மோட்டார் கடந்து போனது. அதை நான் காதால் கேட்பதற்குமுன் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

கீழே பார்த்தேன். நேர்கீழே பாயின் அடுப்பும் நாற்காலியும் இருந்தன. இரண்டு வருடமாக, என் பெட்டிக்குக் கீழே, அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா மன்றத்து அதிகாரிக்குப் போன் போட்டார். அவர்கள் ஆள் அனுப்பும்வரை காத்திருக்கவில்லை. சிவப்பு வெள்ளை நாடாவை இரண்டு பக்கமும் கட்டி, கீழ்ப்பக்கத்தில் தன் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தி, அதன் பக்கத்தில் வெயிலில் நின்றார். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மீன்பெட்டியோடு வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"எப்ப விழும், சொல்லு."

"தெரியாதுண்ணே."

"அப்ப விழாமயும் போகலாந்தானே?"

"போகலாம்."

"பின்ன என்னத்துக்கு மூடுற?"

"விழாதுன்னு என்னால எழுத முடியலண்ணே."

அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அக்கா நகரவில்லை.

வடை விற்கும் அம்மா மேலே மாட்டிக்கொண்டார். நாலு ஆண்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். சேலையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்தார். தரையில் வைத்ததும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "இத்தன வருசமா யார் கையையும் எதிர்பாக்காம ஏறி எறங்கினேன். இன்னிக்கு மூட்டை மாதிரி தூக்கிட்டு வராங்க."

அக்கா அவர் அருகே போய்க் குனிந்தார். "ஆமாம்மா. என்னாலதான்" என்றார்.  என் பெயரை அங்கே அவர் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் தவுக்கே எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். புதிய அறிக்கையில் இப்போது கண்டதை எழுதுவோம், பழையதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்றார். பெட்டியை இழுத்துவிட்டவள் நான்தான் என்று சொன்னேன். 

அக்கா அவரிடம் மலாயில், நிதானமாகச் சொன்னார்: "அவள் பார்க்காமல் நிரப்பினாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் புதியதையும் அவர்கள் எப்படி நம்புவார்கள்?"

கடிதம் அப்படியே போயிற்று. அடுத்த வருடம் அந்த மன்றத்திலிருந்து எங்களுக்கு வேலை வரவில்லை. தவுக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஒரு மாதம் வேலையைத் தவிர வேறெதுவும் என்னோடு பேசவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாமல் போனது வேறொன்று. அக்கா என்னோடு பேசும்போது எல்லாரையும்போலச் சரியான தூரத்தில் நின்று பேச ஆரம்பித்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார், பதில் வந்ததும் போய்விடுவார். அந்த ஓர் அடியை நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாய்தளத்தை இடித்தபோது நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். ஏழாவது பகுதி இயந்திரம் தொட்டதும் சரிந்தது. ஆறும் எட்டும் இரண்டு நாள் முரண்டு பிடித்தன. 'நல்ல வேளை' என்றார்கள் சிலர். 'பாதிக்குமேல் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் பத்து வருசம் நின்னிருக்கும்' என்றார்கள் சிலர். யார் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டார். எதற்கும் தலையாட்டவில்லை.

பாய் கோப்பெங்கில் தம்பியின் உணவகத்துக்குப் போய்விட்டார். வடை அம்மா ஒரு வருடத்துக்குமேல் கார் நிறுத்துமிடத்துக் கூடாரத்தில் விற்றார். வியாபாரம் சுமார்தான். அக்கா போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதிய சாய்தளம் திறந்த வாரத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது, என்னைக் கூப்பிட்டு, நாலு வடையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "அந்தக் கண்ணாடிக்காரிகிட்ட குடு. நான் பேசமாட்டேன்னும் சொல்லிடு" என்றார். இரண்டையும் அப்படியே சேர்த்தேன். அக்கா ஒரு வடையை நின்றுகொண்டே தின்றார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். மிச்சம் மூன்றையும் யாருக்கும் தரவில்லை.

இப்போது அவர் ஜொகூரில் மகளோடு இருக்கிறார். நாங்கள் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. அவரை நினைக்கும்போது அந்தப் பசாரைவிட, அதற்கு அடுத்து வந்த ஒரு சாதாரண நாள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

சாய்தளத்தை மூடிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு நடைபாலத்தின் அறிக்கை, நாற்பது பக்கம். கையெழுத்துக்காக அவர் மேசையில் வைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்புவார் என்று நின்றேன். அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்தார். கைப்பேசியில் அகராதியைத் திறந்தார். இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

சொல் சொல்லாக, விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். தெரியாத சொல் வந்தால் என்னைக் கேட்டார். நான் சொன்ன பிறகு அகராதியிலும் பார்த்தார். பதினோரு மணிக்குத் தொடங்கினார். ஒன்பதாம் பக்கத்தில், வலது கைப்பிடி என்று இருக்க வேண்டிய இடத்தில் இடது என்று போட்டிருந்தேன். திருத்தினார். ஒரு மணிக்கு மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"என் மேல இன்னும் நம்பிக்கை வரலியாக்கா?"

அவர் விரலை வரியிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"நம்பிக்கை இல்லாட்டி வேற ஆளுகிட்ட எழுதக் குடுத்திருப்பேன்லா. ஒனக்கு வேண்டப்பட்டவங்க கடிதாசி எழுதினா நீ ஒரு வரி விடாம படிக்கிறதில்லையா? அது மாதிரிதான்."

பக்கத்தைத் திருப்பினார். இன்னும் பதினெட்டுப் பக்கங்கள் இருந்தன. அன்று மதியம் நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.